கேம் சனலை வலையமைப்பில் சேர்க்க முன்னர்

கேம் விளையாடும் காணொளிகளை யூரியூப்பில் போட்டு, பார்வையாளர்கள் கொஞ்சம் சேரத் தொடங்கியதும் பலருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. 'உங்கள் சனல் நன்றாக இருக்கிறது, எங்கள் வலையமைப்பில் இணையுங்கள், வருமானத்தைக் கூட்டித் தருகிறோம்' என்று அதில் இருக்கும். கூடவே ஆங்கிலத்தில் பல பக்க ஒப்பந்தம். வாசிக்காமலேயே சம்மதம் தெரிவிப்பவர்கள்தான் அதிகம்.

வெளியே சென்று உழைக்க முடியாத நிலையில், வீட்டில் இருந்தபடியே நாலு காசு தேட நினைப்பவர்கள் எம்மிடையே பலர். உடலில் காயத்தோடு வாழ்பவர்களும் அதில் அடக்கம். ஒரு வருட உழைப்பில் வளர்த்த சனல் ஒரு கையெழுத்தில் இன்னொருவர் கைக்குப் போய்விடக் கூடாது.

இந்த வலையமைப்புகளை ஆங்கிலச் சுருக்கத்தில் எம்.சி.என். என்பார்கள். இணைந்த பின் சனலின் விளம்பர வருமானம் நேராக உங்களிடம் வராது. முதலில் வலையமைப்புக்குப் போகும்; அவர்கள் தமது பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். நீண்ட காணொளிகளின் விளம்பர வருமானத்தில் யூரியூப் 45 வீதத்தை வைத்துக்கொண்டு 55 வீதத்தைச் சனலுக்குக் கொடுக்கிறது. விளம்பரத்தில் 100 டொலர் வந்தால் உங்கள் பங்கு 55 டொலர். வலையமைப்பு அதில் 30 வீதம் கேட்டால் 16.50 டொலர் போய், கையில் 38.50 தான் மிஞ்சும். 'உங்களுக்கு 70 வீதம்' என்று அவர்கள் சொல்லும்போது எதில் 70 வீதம் என்று கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்குத் தேவை இருந்தது. 2011, 2012 அளவில், கேம் காட்சிகளுக்கு விளம்பரம் பெற வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதியைக் காட்டும்படி யூரியூப் கேட்டது. தனி ஆளால் அது முடியாத காரியம். வலையமைப்புகள் அந்த இடைவெளியை நிரப்பின. ஆனால் 2013 டிசம்பரில் அவற்றின் கீழிருந்த கேம் சனல்கள் பலவற்றின் மீது பதிப்புரிமைக் கோரல்கள் மழைபோல் வந்தபோது, பாதுகாப்புத் தருவதாகச் சொன்னவர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

இந்தத் துறையின் பெரிய பெயர் மஷினிமா. அமெரிக்க நிறுவனம். அதனுடன் சிலர் செய்த ஒப்பந்தங்களில் 'இன் பெர்பெச்சுவிற்றி' என்ற சொல் இருந்தது; என்றென்றைக்கும் என்று பொருள். வெளியேற முயன்ற பிறகுதான் சிலருக்கு அது விளங்கியது. 2019 ஜனவரியில், 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேல் சந்தாதாரர் இருந்த அந்த நிறுவனத்தின் பிரதான சனலில் இருந்த காணொளிகள் எல்லாம் ஒரேயடியாக மறைக்கப்பட்டன. தமது வேலையை அங்கே கொடுத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அதற்குச் சற்று முன், 2018 நவம்பரில், டெஃபி மீடியா மூடப்பட்டது. கடன் கொடுத்த வங்கி அதன் கணக்குகளை முடக்க, படைப்பாளிகளுக்குச் சேர வேண்டிய விளம்பரப் பணமும் அதற்குள் அகப்பட்டது. அவர்களுடைய பணம் நிறுவனத்தின் கணக்கு வழியாக வந்ததுதான் காரணம்.

இன்று 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் இருந்தால் யூரியூப்பின் பங்காளர் திட்டத்துக்கு இலங்கையில் இருந்தே நேரடியாக விண்ணப்பிக்கலாம். குறுங்காணொளி போடுபவர்களுக்கு, 90 நாளில் 1 கோடி பார்வை என்ற வழியும் உண்டு. 'இந்த எண்ணிக்கை இல்லாமலே பணம் எடுத்துத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். கடவுச்சொல்லைக் கேட்பவரும் அப்படித்தான். உண்மையான வலையமைப்புக்குக் கடவுச்சொல் தேவையில்லை. அழைப்பு உங்கள் கணக்குக்குள் வரும்.

நேரடியாகச் சேர்வதிலும் எமக்குச் சில சிக்கல்கள் உண்டு. வருமானம் 10 டொலரைத் தொட்டதும் கூகுள் ஓர் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நிற்கும். மீள்குடியேறிய இடங்களில் வீட்டு இலக்கம் இல்லாதவர்கள், கடிதம் வந்து சேரக்கூடிய ஒரு முகவரியை முதலிலேயே யோசித்துக் கொடுப்பது நல்லது. போரில் ஆவணங்களைத் தொலைத்து மறுபடி எடுத்தவர்களுக்கு அடையாள அட்டையில் ஒரு எழுத்தும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்துமாகப் பெயர் இருப்பதுண்டு. விண்ணப்பிக்க முன்னரே அதைத் திருத்துங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் கணக்கு வேண்டும். அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். 100 டொலர் சேர்ந்த பின்னரே பணம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலையமைப்பில் சேர நினைத்தால்? விளம்பரதாரரைத் தேடித் தருவது, இசை உரிமம், கோரல் பிணக்குகளுக்கு உதவி என்று எதைச் செய்வார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 'வளர்ச்சிக்கு உதவுவோம்' என்பது ஒன்றும் இல்லை என்பதற்குச் சமன். காலம் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வாசகம் இருக்கிறதா, எத்தனை நாள் முன்னறிவித்தலில் விலகலாம், விலகிய பின் பழைய காணொளிகளின் வருமானம் யாருக்கு, கடைசி மாதப் பணம் எப்போது வரும் என்று பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரிடமோ சட்டத்தரணியிடமோ காட்டி வாசியுங்கள். இரண்டு நாள் அவகாசம் கேட்டால் தர மறுப்பவரிடம் ஒப்பந்தம் செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே அங்கே இருக்கும் சிறிய சனல்காரர் இருவருக்காவது எழுதி, பணம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். பெரிய சனல்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு வேறு ஒப்பந்தம்.