அழைப்பும் அறிவித்தலும்: ஊர்க் கார்ட்டுகளின் சொற்கள்

வெளிநாட்டில் வளரும் உறவுப் பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கார்ட்டுகளை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிப் பொருள் கேட்பார்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'இன்விடேசன்' போதும். எங்களுக்குப் போதாது.

கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் வீடு தேடி வந்து 'சொல்ல' வேண்டும். சொல்லாமல் கார்ட் மட்டும் வந்தால் சிலர் போகமாட்டார்கள். (சாமத்தியவீடு கார்ட்டில் 'பூப்புனித நீராட்டு விழா' ஆகிவிடும்.) செத்தவீட்டுக்கு அழைப்பே இல்லை. 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்' என்பதுதான். கேள்விப்பட்டவர் தானாகவே போக வேண்டும்.

மறுபடி அழைப்பு வருவது 31ஆம் நாளையொட்டி: கீரிமலையில் 'அந்தியேட்டி', பிறகு வீட்டில் 'வீட்டுக்கிருத்தியம்', மதியபோசனம். இவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடவேண்டாம், விளக்கித்தான் சொல்லவேண்டும்.

இந்தக் கார்ட் அடிக்க இறந்த திகதி வேண்டும். 1996இல் குடாநாட்டில் சுமார் 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை மறுவருடம் பதிவுசெய்தது. அந்த வீடுகளில் எந்தத் திகதியைப் போடுவது? அடித்துவிட்டால், பிள்ளை இல்லை என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: அப்படியான வீட்டுக்குக் கடிதம் எழுதினால், அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடாதீர்கள்.