கடல் கடந்த கடிதங்கள்



ஓர் ஊரின் வரலாறு அதன் ஆலயச் சுவரிலும் கல்லறைக் கல்லிலும் மட்டுமே இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். நம் இராயபுரத்தைச் சார்ந்த வரலாற்று ஏடுகளில் ஒரு பகுதி, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அது அங்கே சென்ற வரலாற்றைக் காண்போம். 1810இல் தொடங்கப்பெற்ற 'அமெரிக்கன் போர்டு' என்னும் மிஷன் சங்கம், பாஸ்டன் நகரிலிருந்து இயங்கியது. அதன் ஊழியர்கள் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினர். அங்கிருந்து மைரன் வின்ஸ்லோவும் மருத்துவர் ஜான் ஸ்கடரும் 1836இல் சென்னை வந்தனர். சிந்தாதிரிப்பேட்டையிலும் இராயபுரத்திலும் அவர்களது மிஷன் நிலையங்கள் அமைந்தன. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை வின்ஸ்லோ 1862இல் வெளியிட்டார். அவர்கள் நம் திருச்சபையைச் சேராத பிரிந்த சகோதரர்களே. ஆயினும் தமிழுக்கும் நோயாளிகளுக்கும் அவர்கள் ஆற்றிய தொண்டை நாம் மறக்கலாகாது.

தாங்கள் செய்ததையும் கண்டதையும் அவர்கள் தலைமையிடத்துக்குக் கடிதமாக எழுதினர். சங்கம் அவற்றைக் காத்து வைத்தது. பின்னர் அவை ஹார்வர்டின் ஹோட்டன் நூலகத்தைச் சேர்ந்தன. ஜான் ஸ்கடரின் பேத்திதான் வேலூர் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் (1870-1960). அவருடைய கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள் ஆகியவை அதே பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிஞ்சர் நூலகத்தில் உள்ளன.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 1836இல் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் தபாலும் மசூலா படகில்தான் அலைகளைக் கடக்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகு அது. ஆகவே அந்தக் கடிதங்களும் நம் கரையோரப் படகுக்காரரின் உழைப்பால்தான் கப்பலேறின. கடிதம் எழுதியவரின் பெயர் நிலைத்தது. அதைச் சுமந்தவரின் பெயரோ மறைந்தது. எழுதி வைத்தவர் நினைக்கப்படுகிறார்; எழுதாதவர், எவ்வளவு உழைத்தாலும், மறக்கப்படுகிறார்.

இராயபுரத்தில் 1856இல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர்த் துறைமுகம் வந்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றில் வியர்வை சிந்திய நம் பாட்டன்மாரின் கதையை யார் காப்பது? பல்கலைக்கழகம் தேடி வரட்டும் என்று காத்திருக்கலாமா? டிரங்குப் பெட்டியில் கிடக்கும் திருமணப் படம், தொழிற்சாலை அடையாள அட்டை, வெளியூரிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றைக் கறையான் தின்பதற்கு முன் எடுங்கள். படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். கைபேசிப் படங்களுக்கும் இது பொருந்தும். பெயர் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள்.

யூபிலி என்பது நன்றியோடு நினைவுகூரும் காலம். அந்த நினைவுக்குத் துணையாகும் ஏடுகளை, இந்த யூபிலி ஆண்டிலேயே நம் இல்லங்களில் சேர்க்கத் தொடங்குவோமாக.