சொந்த வண்டி: ஒரு கணக்கு நோட்டும் கொஞ்சம் வரலாறும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கும் மேலாக லாரி டிரைவராக இருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் நிறுத்தி, "டீச்சர், பையன் ஒரு பழைய டாரஸ் வண்டி பாத்து வெச்சிருக்கானுங்க. ஃபைனான்ஸ் தரேங்கறாங்க. வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். கல்யாண வீட்டில் சட்டென்று சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் லாரி ஏன் இவ்வளவு பெருகியது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். காவிரிக் கரையை விட்டுத் தள்ளி வந்தால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி எல்லாம் மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், நிலக்கடலை, இல்லாவிட்டால் இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்களில் ஒரு பையன் கிளீனராகப் போவான், டிரைவராவான், பங்காளி மச்சான்களோடு கூட்டு சேர்ந்து ஒரு வண்டி வாங்குவான். பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் வந்தன. பிறகு கேஸ் டேங்கர் லாரிகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் என்று வளர்ந்தது. சோளக்கொல்லைக்காரன் லாரிக்காரன் ஆன கதை இது.

ஆனால் ஆரம்பத்தில் வண்டி வாங்குவதைவிடப் பெர்மிட் வாங்குவதுதான் கஷ்டம். வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயிலுக்கு வரவேண்டிய சரக்கை மோட்டார் வண்டிகள் பிடுங்குகின்றன என்று கவலைப்பட்டார்கள். 1933இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இருவர் கொடுத்த அறிக்கையும் அதைப் பற்றியதுதான். அதன் பிறகு வந்த 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் முறையை நாடு முழுக்கக் கொண்டு வந்தது. மாநில எல்லை தாண்டத் தனி அனுமதி வேண்டும். 1975இல் நேஷனல் பெர்மிட் வந்தது. அதுவும் மாநிலத்துக்கு இத்தனை என்று அளந்துதான் கொடுத்தார்கள். 1988ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பெர்மிட் எளிதாயிற்று.

அது நல்லதுதான். ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்ததால், எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒரு லோடுக்குப் பத்து வண்டி காத்திருந்தால் வாடகையை யார் தீர்மானிப்பார்? வண்டிக்காரர் இல்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது.

என் அண்ணன் பதினான்கு வயதில் கிளீனராகப் போனவர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், 1986இல், ஒரு பழைய ஆறு சக்கர வண்டி வாங்கினார். விலை 1,10,000 ரூபாய். கையிலிருந்து 35,000. அதில் அண்ணியின் நகையும், என் ஐந்து பவுன் சங்கிலியும் அடகுக்குப் போனது. மீதி 75,000 ஃபைனான்ஸ்.

வட்டி 12 சதவீதம், மூன்று வருஷம். 75,000க்கு வருஷம் 9,000, மூன்று வருஷத்துக்கு 27,000, மொத்தம் 1,02,000. அதை 36ஆல் வகுத்தால் மாதம் 2,833 ரூபாய். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? வட்டி மட்டும் கடைசி வரை முழு 75,000க்கும் போட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 21 சதவீதம். இதை நான் பல வருஷம் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன்.

வண்டியின் வரவு செலவு நோட்டு என்னிடம்தான் இருந்தது. அண்ணன் நடை முடிந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து சீட்டுகளைக் கொட்டுவார். டீசல், புரோக்கர் கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, செக்போஸ்ட் செலவு, பஞ்சர், கிளீனர் படி. வாடகையில் அட்வான்ஸ் கழித்து, பாக்கி எங்கே நிற்கிறது என்று எழுதுவேன். பாக்கி இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து வரும். டீசலுக்கும் தவணைக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

1989இல் தவணை முடிந்தது. மாதம் 3,000 ரூபாய் மிச்சம் என்று எழுத ஆரம்பித்தேன். எங்களுக்கு அது பெரிய பணம். கூரை வீட்டை ஓட்டு வீடாக்கினார்கள்.

அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் எடுத்து, மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது போலத் திருத்தினேன். நான் எழுதாமல் விட்டவை மூன்று. ஒன்று, அண்ணனுடைய சம்பளம். வேறு ஒருவர் வண்டியில் ஓட்டியிருந்தால் மாதம் 1,000 ரூபாய் வந்திருக்கும். இரண்டு, வண்டியின் தேய்மானம். ஆறு வருஷம் ஓட்டி 30,000க்கு விற்பதாக வைத்தாலும் மாதம் 1,111 ரூபாய். மூன்று, டயருக்கும் இன்ஜின் வேலைக்கும் எடுத்து வைக்க வேண்டியது மாதம் 1,150 ரூபாய். கூட்டினால் 3,261. வண்டி கொடுத்ததோ 3,000.

மிச்சம் என்று நான் எழுதியது மாதம் 261 ரூபாய் நஷ்டம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நானே அதைப் பார்க்கவில்லை. கையில் ரொக்கம் புழங்கியது, அது கண்ணை மறைத்துவிட்டது.

1990இல் குவைத் போர் நெருக்கடி வந்து எரிபொருள் விலை ஏறியது. அதே வருஷம் இன்ஜின் இறங்கியது, டயர்களும் போயின. எடுத்து வைத்த பணம் இல்லை. அதே வண்டியின் மேல் மறுபடி கடன். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம். தமிழ்நாட்டு எண் பலகையோடு அந்தப் பக்கம் போக முடியவில்லை. மும்பைக்குப் போகவேண்டிய லோடோடு அண்ணன் ஓசூரில் நாள் கணக்கில் கிடந்தார். தவணைகள் தவறின. 1993இல் ஒருநாள் சங்ககிரி பக்கம் வழியிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு, துணிப்பையோடு பஸ் ஏறி வந்தார். வாசலில் நின்று, "வண்டி போச்சு கண்ணு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதமே இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இன்றும் நம் நாட்டில் பெரும்பாலான லாரிகள் ஒன்று, இரண்டு, அதிகம் போனால் ஐந்து வண்டி வைத்திருப்பவர்களுடையவை. நான் செய்த தவறையே எல்லாரும் செய்யும்போது, நஷ்ட வாடகைக்கும் ஓட ஆள் கிடைக்கிறது. கணக்குப் பார்த்து "கட்டாது" என்பவர் வண்டி நிற்கிறது. பார்க்காதவர் வண்டி ஓடுகிறது. கடைசியில் இருவருக்கும் கட்டுவதில்லை.

பிறகு வந்த மாற்றங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாற்கர சாலைகள் வந்தன. நடை சீக்கிரம் முடிகிறது, டோல்கேட் கட்டணமும் வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. காத்துக் கிடப்பது குறைந்தது. ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, 2017 ஜூனிலிருந்து தினமும் விலை மாற்றும் முறை வந்தது. பேசின வாடகை அப்படித் தினமும் மாறுமா? 2018 ஜூலையில் லாரிகள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்ததில் டீசல், டோல், இன்சூரன்ஸ் மூன்றும்தான் முக்கியம்.

அதே சமயம் வண்டிகள் ஏற்றும் எடையையும் அரசு உயர்த்தியது. இரண்டு அச்சு வண்டியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. கூடுதலாக ஏற்றலாம் என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் நாட்டில் சரக்கு அதேதானே? இருக்கும் வண்டிகளே அதிகம் இழுத்தால், சில வண்டிகளுக்கு லோடு இல்லாமல் போகும். மறுபடி வாடகைதான் இறங்கும்.

இனி என் மாணவருக்குப் பதில். வண்டி வாங்காதே என்று சொல்ல மாட்டேன். அப்படி வாங்கித்தான் நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் எழுந்து நின்றன. ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பையனின் சம்பளம் எவ்வளவு? தேய்மானம் எவ்வளவு? டயர், இன்ஜின், எஃப்.சி., இன்சூரன்ஸ் இவற்றுக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? குறையும் அசலுக்கு வட்டி எத்தனை சதவீதம்? பாக்கி மூன்று மாதம் வராவிட்டால் தவணைக்கு என்ன வழி? ரிட்டர்ன் லோடு இல்லாமல் காலியாக வந்தால் எத்தனை நடை தாங்கும்? இவ்வளவும் போக மிஞ்சினால் வாங்கட்டும். நோட்டை என்னிடம் கொண்டு வந்தால் நானும் பார்க்கிறேன். இந்த முறை சரியாகப் பார்ப்பேன்.

அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இந்தப் பதிவை எழுதுமுன் அவரிடம் படித்துக் காட்டினேன். என் தவறைச் சொன்ன இடத்தில் சிரித்தார். "உன்ற சங்கிலியை இன்னும் திருப்பித் தரல பாரு, அதையும் செலவுல எழுது" என்றார். எழுதவில்லை. அந்த ஒன்று மட்டும் கணக்கில் வேண்டாம்.

வண்டி வைத்திருக்கும் மாணவர்கள், உறவுகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். இரவில் ஓட்டுபவர்கள் தூக்கம் வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எந்த லோடும் உங்களைவிடப் பெரிதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்