முதற்கதையின் மொழி: 'விநோத சம்பாஷணை' முதல் 'கதை வகுப்பு' வரை

கதை எழுத விழைவோர் முதலில் கேட்கும் வினா, "எதைப் பற்றி எழுதுவது?" என்பதாகும். ஆயின் தாளின்முன் அமர்ந்தபின் அவர்தம் கையைத் தடுப்பது வேறொரு வினா: "எந்தத் தமிழில் எழுதுவது?" பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் பெரிதும் வேறுபட்டு நிற்கும் இரட்டை வழக்கு மொழி நம்முடையது. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்னும் தயக்கத்திலேயே பல முதற்கதைகள் நின்றுவிடுகின்றன. சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ப் புனைகதையின் தொடக்க வரலாற்றில் இதற்கொரு விடை உண்டு என்பது என் கருத்து.

சி.கு. மகுதூம் சாயபு 1887ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அவ்விதழில் அவர் எழுதிய 'விநோத சம்பாஷணை'யைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதையாக ஆய்வாளர் நா. கோவிந்தசாமி முன்வைத்தார். தமிழின் தொடக்கக்காலச் சிறுகதைகளுள் முதன்மையாகப் பேசப்பெறும் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' வெளிவந்தது 1915இல். அதற்கு 27 ஆண்டுகள் முந்தியது சாயபுவின் ஆக்கம். அதனைச் சிறுகதை எனலாமா என்னும் விவாதம் ஒருபுறம் இருக்க, அதன் பெயரை நோக்குக. சம்பாஷணை என்றால் உரையாடல். இங்குக் கதை, இருவர் பேசிக்கொள்வதைக் கேட்டு எழுதும் முயற்சியாகவே தொடங்கியிருக்கிறது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, முதற்கதை எழுதுவோருக்கெனவே ஒரு முயற்சி கோலாலம்பூரில் எழுந்தது. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழில் 1950, 51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். கதைக்கலை பற்றிய பாடங்கள் நாளிதழிலேயே அச்சாயின. பயிற்சிகளும் தேர்வும் உண்டு. கல்லூரி வாயிலை மிதியாத இளைஞருக்கும் அந்த வகுப்பு எட்டியது. அடுத்து, கரிசல் மண்ணின் பேச்சைக் கதையில் உலவவிட்ட கு. அழகிரிசாமி, 1950களில் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் பணியாற்றியபோது இங்குள்ள இளம் எழுத்தாளருக்கு வழிகாட்டினார். பால்மரம், மங்கு, பெரட்டுக்களம், கங்காணி, கிராணி, லயம் எனத் தோட்டத்து வாழ்வின் சொற்கள் காலப்போக்கில் நம் கதைகளில் இயல்பாக இடம்பெற்றன.

என் ஆசிரியப் பணிக்காலத்தில் ஒரு மாணவி தம் முதற்கதையைக் கொணர்ந்தார். அதில் பாட்டி, "பேத்தியே, உணவு அருந்தினாயா?" என்று வினவினார். "உன் பாட்டி இப்படியா கேட்பார்?" என்றேன். அவர் நகைத்து, "'சாப்டியாம்மா?'ன்னுதான் கேப்பாங்க, ஐயா. ஆனா அப்படி எழுதினா மதிப்பெண் போயிடுமே" என்றார். கட்டுரைத்தாளில் பிழையாவது கதையில் உயிராகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. முன்னரே நானும் சொல்லியிருக்க வேண்டும்.

தொடங்குவோர்க்கு மொழியியலார் கூறத்தக்கது இதுவே. நீங்கள் காதாரக் கேட்ட ஓர் உரையாடலை முதலில் எழுதுங்கள். பேச்சொலி முழுவதையும் எழுத்தில் பிடிக்க முயல வேண்டா. 'வந்தான்' என்பதன் இறுதி மெய் பேச்சில் மறைந்து, உயிர் மூக்கொலி பெறுகிறது; அதனைக் காட்டத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. வினைமுற்று ஈறுகள், விளிச்சொற்கள், வீட்டில் வழங்கும் சில சொற்கள் ஆகியவற்றைக் காட்டினால் போதும். எஞ்சியதை வாசகர் செவியே நிரப்பிக்கொள்ளும். கதைசொல்லியின் கூற்று எழுத்து வழக்கில் அமையட்டும்.

இதனை இன்று வற்புறுத்தக் காரணம் உண்டு. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். எழுத்து வழக்கைப் பாடநூல்கள் காக்கும். பாட்டியின் பேச்சைக் காக்கப் பாடநூல் இல்லை. அதனைக் கேட்ட பேத்தி எழுதும் கதையில்தான் அது எஞ்சும். அவர் குரல் காதில் ஒலிக்கும்போதே அந்த முதல் உரையாடலை எழுதிவிடுங்கள்.