மூர் மார்க்கெட்டும் எலுமிச்சம்பழமும்

சென்னை சென்ட்ரலில் புறநகர் ரயில் பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர், மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். ரயில் இருக்கு, பிளாட்பாரம் இருக்கு, மார்க்கெட் எங்கப்பா? 1985 மே 30 அன்று தீயில் போச்சு. பேர் மட்டும் ஸ்டேஷனில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

என் வயசுக்காரங்க யாரும் அந்தக் கட்டிடத்தைப் பார்த்ததில்லை. அப்பா, மாமா தலைமுறை சொல்லக் கேட்டதுதான். இருந்தாலும் செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்குறது, விக்கிறது பத்தி எழுத உட்கார்ந்தால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கு. பழைய பொருள் வியாபாரத்தில் அன்றும் இன்றும் சிக்கல் ஒன்றுதான். பொருளில் என்ன கோளாறு என்று விக்கிறவனுக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. இந்தச் சிக்கலை ஒவ்வொரு காலத்திலும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஊர்க் கதை. பிராட்வேயில் பாப்ஹாம் மார்க்கெட் என்று ஒன்று இருந்தது. சுகாதாரக் கேடு என்று அதை ஒழித்துவிட்டு, அதற்குப் பதிலாக மாநகராட்சி கட்டியதுதான் மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார். வரைபடம் ஆர்.ஈ. எல்லிஸ், கட்டியவர் ஏ. சுப்பிரமணிய ஐயர். 1900-ல் திறந்தார்கள். சிவப்புச் செங்கல், இந்தோ சாரசெனிக் பாணி, நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை வேறு (அது 1985-ல் வண்டலூருக்குப் போனது). அதனால் குடும்பத்தோடு வர்றவங்களும் உண்டு.

நாளாக நாளாக அந்த இடம் பழைய சாமான்களுக்குப் பேர் போனது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், மர பீரோ, கிளி, நாய்க்குட்டி எல்லாம் கிடைக்கும். கூடவே இன்னொரு பேரும் வாங்கியது: அங்கே விலை சொன்னால் நம்பக்கூடாது. நூறு ரூபாய் சொன்னால் இருபதில் ஆரம்பிக்கணும் என்று பெருசுங்க இன்னிக்கும் சொல்லுவாங்க.

இந்தப் பேரத்தைப் பலரும் ஏமாத்து வேலை என்று பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. புதுப் பொருளுக்கு விலை அட்டையிலேயே அச்சடிச்சிருக்கு. பழைய பொருளுக்கு அப்படி ஒரு விலையே கிடையாது. ரெண்டு பேரும் பேசிப் பேசித்தான் அந்தப் பொருளைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது வெளியே வரும். "இதோ இந்த மூலையில கீறல் இருக்கே" என்று நீங்கள் சொன்னதும் அவர் இறங்குகிறார். "இது பழைய பதிப்பு, இப்ப கிடைக்காது சார்" என்று அவர் சொன்னதும் நீங்கள் ஏறுகிறீர்கள்.

தீவிபத்துக்குப் பிறகு வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் கடை கொடுத்தார்கள். நான் இன்ஜினியரிங் படிக்கும்போது புத்தகம் வாங்கப் போனது அங்கேதான். செமஸ்டர் பாடப் புத்தகம் புதுசா வாங்கினால் ஒன்றே ஐந்நூறு, அறுநூறு ஆகும். அங்கே பாதிக்கும் கீழே. முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு விலை எழுதியிருக்கும். பேரம் பேசி முடித்ததும் கடைக்கார அண்ணன் ஒரு வார்த்தை சொல்லுவார்.

"எக்ஸாம் முடிஞ்சதும் எடுத்துட்டு வா தம்பி, கிழிக்காம கொண்டாந்தா பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன்."

பழைய புத்தகக் கடைகளில் ரொம்ப நாளாக இருக்கும் வழக்கம் இது. இருநூற்றைம்பதுக்கு வாங்கினால் நூற்றி இருபத்தைந்து திரும்பி வரும். அப்போ எனக்கு அது டீ, சமோசா கணக்குதான். :-) அந்த வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கு என்று புரிந்தது, பின்னாடி எலுமிச்சம்பழக் கட்டுரையைப் படித்தபோதுதான்.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'எலுமிச்சைகளின் சந்தை'. அமெரிக்காவில் தலையில் கட்டப்பட்ட ஓட்டைக் காரை எலுமிச்சை என்பார்கள். கட்டுரை பேசுவது பழைய கார் வியாபாரத்தை.

அவர் சொல்வதை நம்ம ஊர் பைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். சந்தையில் நூறு பழைய பைக். ஐம்பது நல்ல வண்டி, ஒவ்வொன்றும் 40,000 பெறும். மீதி ஐம்பது ஓட்டை வண்டி, 20,000 பெறும். எது எது என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும். வாங்க வர்றவன் என்ன செய்வான்? நடுவாந்திரமாக 30,000-க்கு மேல் தரமாட்டான். நல்ல வண்டி வைத்திருப்பவன் "இந்த விலைக்கு நானே ஓட்டிக்கறேன்" என்று ஒதுங்கிவிடுவான். ஓட்டை வண்டிக்காரனுக்கோ கொண்டாட்டம். இப்போது சந்தையில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஓட்டை. இது தெரிந்ததும் வாங்குறவன் இன்னும் குறைத்துக் கேட்பான். கடைசியில் நல்ல பொருள் மொத்தமாக வெளியே போய்விடும். யாரும் பெரிய திருடனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தகவல் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலே சந்தை கெட்டுவிடும்.

இந்தக் கட்டுரையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. ரொம்பச் சாதாரண விஷயம் என்றும் சொன்னார்கள், இது சரி என்றால் பொருளாதாரமே வேற மாதிரி ஆகிவிடுமே என்றும் சொன்னார்கள். முதல் நிராகரிப்புக் கடிதம் வந்தபோது அகெர்லாஃப் இருந்தது இந்தியாவில், 1967-68-ல். கட்டுரைக்குள் நம்ம ஊர்க் கடையில் வாங்குகிற அரிசியில் பெண்கள் கல் பொறுக்குவதுகூட வருகிறது, தெரிந்தே கலக்கப்பட்ட கல்! 2001-ல் இந்த வேலைக்காக மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது.

சந்தை கெடாமல் இருக்க என்ன வழி என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உத்தரவாதம், பேர் பெற்ற கடை, உரிமம் போன்ற ஏற்பாடுகள். அதாவது சந்தேகத்தின் சுமையில் ஒரு பங்கை விக்கிறவன் தோளிலும் ஏற்றுவது. இப்போ கடைக்கார அண்ணனின் வார்த்தையை மறுபடி படியுங்க. "பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன்." பக்கம் குறைந்த புத்தகத்தை அவர் என்னிடம் தள்ளினால் அது அவரிடமே திரும்பி வரும். நாளைக்கும் அதே இடத்தில் கடை போட வேண்டியவர் அவர். நோபல் கமிட்டி வருவதற்கு ரொம்ப முன்னாடியே நம்மாளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க.

வண்டி விஷயத்தில் பாதி விலைக்குத் திருப்பி எடுப்பவர் யாரும் கிடையாது. கேட்கிற வசனம் எல்லாம் ஒரே மாதிரி: "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்." நான் பழைய பைக் தேடியபோது எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் சொன்ன டெஸ்ட் ஒன்று:

"பெயிண்டைப் பாக்காத தம்பி. காலையில சொல்லாம கொள்ளாமப் போய் நில்லு. இன்ஜினைத் தொட்டுப் பாரு. நீ போறதுக்கு முன்னாடியே சூடா இருந்தா, வண்டி பச்சையா ஸ்டார்ட் ஆகாதுன்னு அர்த்தம். திரும்பி வந்துரு."

மூணு வண்டி அப்படியே விட்டுட்டு வந்தேன். நாலாவது வண்டி சில்லென்று இருந்தது, ரெண்டாவது உதையில் கிளம்பியது. இன்னும் ஓடுது.

விக்கிறவனுக்கும் ஆபத்து உண்டு, அதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். படிவம் 29, படிவம் 30. "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்று வாங்கியவர் இழுத்தடித்தால் விடாதீங்க. பல கை மாறிய ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சொன்னது ஆர்.சி.யில் பேர் இருந்த பழைய உரிமையாளரை. விற்று வருஷக்கணக்கு ஆகியிருந்தது. காகிதம் மாறவில்லை, அவ்வளவுதான்.

சரி, இன்டர்நெட் காலத்துக்கு வருவோம். 1995 செப்டம்பரில் பியேர் ஒமிட்யார் என்கிற 28 வயசு புரோகிராமர், லீவு நாளில் உட்கார்ந்து ஒரு ஏல இணையதளம் எழுதினார். அதுதான் பிற்பாடு ஈபே. முதலில் விற்ற பொருள்களில் பிரபலமானது அவருடைய உடைந்துபோன லேசர் பாயிண்டர், 14.83 டாலர். உடைஞ்சது என்று தெரியுமா என்று வாங்கினவரிடமே கேட்டார். உடைஞ்ச லேசர் பாயிண்டர் சேகரிப்பதுதான் எனக்கு வேலை என்று பதில் வந்தது!

ஆனால் முகம் தெரியாத ஆளை எப்படி நம்புவது? 1996-ல் அவர் சேர்த்ததுதான் ஃபீட்பேக் முறை. வாங்கினவர் விற்றவருக்கு மதிப்பெண் போடலாம், விற்றவர் வாங்கினவருக்குப் போடலாம். அல்லிக்குளத்துக் கடைக்காரருக்கு ஊருக்குள் இருந்த நல்ல பேரை ஒரு எண்ணாக மாற்றிவிட்டார்கள். அதிலும் சிக்கல் வந்தது. நீ எனக்குக் கெட்ட மார்க் போட்டா நானும் போடுவேன் என்று மிரட்டல். 2008-ல் விற்பவர்கள் வாங்குபவர்களுக்குக் கெட்ட மார்க் போடும் வசதியையே ஈபே எடுத்துவிட்டது.

இந்தியாவில் 2000-ல் பாஸீ வந்தது, 2004-ல் ஈபே அதை வாங்கியது. அதே வருஷம் டிசம்பரில் ஒருத்தர் ஆட்சேபகரமான வீடியோவை அதில் விற்பனைக்குப் போட, நிறுவனத்தின் தலைமை அதிகாரியே கைதானார். சந்தை நடத்துகிறவன் விற்கிறவனின் தப்புக்கு எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி அப்போதுதான் பெரிசாக எழுந்தது. 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி, 2009 அக்டோபரிலிருந்து இடைத்தரகர்களுக்குச் சில நிபந்தனைகளோடு பாதுகாப்பு கொடுத்தார்கள். ஈபே இந்தியா 2018-ல் மூடப்பட்டது. அதற்குள் இலவச விளம்பரத் தளங்கள் வந்துவிட்டன. அங்கே நடப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முறை வியாபாரம். விற்கிறவரை நாம் மறுபடி பார்க்கப் போவதே இல்லை. நூறு வருஷம் கழித்து மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம், கடைக்கார அண்ணன் மட்டும் இல்லை.

போன வருஷம் ஒரு பழைய மானிட்டரை விற்றேன். இடது ஓரத்தில் மெல்லிசா ஒரு கோடு விழும். அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதி, கோடு தெரிகிற போட்டோவையும் போட்டேன். முதல் போன் ஒரு 'ராணுவ அதிகாரி'. பொருளைப் பார்க்காமலே முழுப் பணம் தர்றாராம், க்யூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும் என்றார். ஊரறிந்த மோசடி இது. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். வச்சுட்டேன். ரெண்டாவதா வந்தது ஒரு காலேஜ் பையன். கோட்டைப் பார்த்தான். "நீங்களே சொல்லிட்டீங்களேண்ணா, வேற ஒண்ணும் இருக்காது" என்றான். பேரம் பேசவே இல்லை.

நம்பிக்கைக்குப் பதிலாக இப்போது அரசாங்கப் பதிவேடுகளும் கொஞ்சம் கைகொடுக்கின்றன. பழைய போன் வாங்குறீங்களா? *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுங்க. 2023 மே மாதம் நாடு முழுக்க வந்த சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால் அது திருட்டுப் பட்டியலில் இருக்கா என்று தெரியும். திருட்டுப் பொருளை நல்ல காசு கொடுத்து வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. பைக் என்றால் எம்பரிவாஹனில் நம்பரைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கா என்று பார்த்துவிடலாம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்? கையில் காசு இருக்கிறவனுக்குச் செகண்ட் ஹேண்ட் ஒரு சாய்ஸ்தான். சந்தை கெட்டால் புதுசு வாங்கிக்கொள்வான். பாதி விலைக்குப் புத்தகம் தேடுற மாணவனுக்கும், டெலிவரி வேலைக்குப் பழைய பைக் தேடுற அண்ணனுக்கும் அந்த வசதி கிடையாது. நல்ல பொருள்கள் சந்தையை விட்டு வெளியேறும்போது மிச்சம் இருக்கிற ஓட்டை அவங்க தலையில்தான் விடியும். அதனால் அடுத்த தடவை எதையாவது விற்கும்போது குறையை முதல் வரியில் எழுதுங்க. நூறு ரூபாய் குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுது.

டிஸ்கி: மூர் மார்க்கெட்டை எரிவதற்கு முன்னாடி நேரில் பார்த்தவங்க இருந்தா, பின்னூட்டத்தில் உங்க கதையைச் சொல்லுங்க. என்ன வாங்கினீங்க, எவ்வளவு சொன்னாங்க, எவ்வளவில் முடிச்சீங்க? கேக்க ஆசையா இருக்கு. :-)