ஒளியியற் கண்ணாடியும் காற்றுக் குமிழியும்

புகைப்படக் கருவியின் வில்லையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து நோக்குவோர், அதனுள் ஊசிமுனையளவான குமிழி ஒன்றைக் காணின், அதனைப் பழுதுடையதென்றே முடிவு செய்வர். அம்முடிவு பொருந்துமா என்பதற்கு ஒளியியற் கண்ணாடியின் வரலாறே விடை பகர்கின்றது.

குமிழிக்குக் காரணம் கண்ணாடியின் பிறப்பிலேயே உள்ளது. மணலுடன் சேர்த்து உருக்கப்படும் காபனேற்றுகள் வெப்பத்தாற் பிரிந்து காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. ஆதலின், காற்றுக் குமிழி என வழங்கப்படுவதனுள் இருப்பது பெரும்பாலும் காற்றன்று. உருகிய குழம்பு பாகுபோல் தடித்திருப்பதால் சிறு குமிழிகள் எளிதில் மேலெழமாட்டா.

இதனினும் கொடிய குறை, கலவை சீராகக் கலவாமையால் கண்ணாடியினுள் ஓடும் வரிகளாகும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பியர் லூயி கினான் (1748–1824), சுட்ட களிமண் கோலினாற் குழம்பைக் கலக்கும் முறையைக் கண்டு அக்குறையை வென்றார்; குமிழிகளும் அதனாற் பெரிதும் வெளியேறின. 1805இல் அவர் பவேரியா சென்றார். அங்கு அவருடன் பணியாற்றிய பிரவுண்கோபர், ஞாயிற்றின் நிறமாலையிலுள்ள கருங்கோடுகளைக் குறிகளாகக் கொண்டு கண்ணாடியின் முறிவுச் சுட்டியைத் திருத்தமாக அளந்தார்.

1884இல் ஜேர்மனியின் யேனா நகரில் ஒற்றோ ஷொட், ஏர்ணஸ்ற் ஆபே, கார்ல் சைஸ் முதலியோர் நிறுவிய ஆய்வுகூடம் பேரியம் சேர்ந்த புதிய கண்ணாடிகளை அளித்தது. அவற்றைக் கொண்டு போல் உருடோல்பு 1890இல் சிறந்த புகைப்பட வில்லையொன்றை அமைத்தார். ஆயினும் பேரியக் கண்ணாடி களிமண் மூசையை அரிக்கும் இயல்பினது. குமிழி முற்றும் அற்ற துண்டு அதில் அரிதாயிற்று. சிறந்த கண்ணாடியே குமிழியுடையதாய் அமைந்தமை வியப்பன்றோ!

குமிழியால் விளையும் இழப்பைக் கணக்கிடலாம். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லையில் அரை மில்லிமீற்றர் குமிழி மறைப்பது பரப்பில் 2500இல் ஒரு பங்கே. வரியோ கதிர்களைத் திசைமாற்றி உருவத்தையே சிதைக்கும். எனினும், விம்பம் விழும் தளத்தை அடுத்துள்ள கண்ணாடியிற் குமிழி இருப்பின் அது தெளிவாகத் தோன்றும். ஆங்கு அதனைப் பொறுத்தல் இயலாது.

ஆதலாற் பிற்காலத் தரவிதிகள் குமிழியை முற்றாக விலக்காது அளந்தே மதிப்பிட்டன. 100 கன சென்ரிமீற்றர் கண்ணாடியிலுள்ள குமிழிகளின் மொத்தக் குறுக்குப் பரப்பைக் கணக்கிடுவது அவ்வழிகளுள் ஒன்று. 1996இல் வெளிவந்த சர்வதேச நியமமும், குமிழி எத்துணை, எவ்வளவினது என்பவற்றை வரைபடத்திற் குறிக்க வகைசெய்தது. பிளாற்றினக் கலங்கள் வந்தபின் கண்ணாடியின் தூய்மை பெரிதும் உயர்ந்தது.

கண்ணுக்குப் புலப்படும் குறை யாவும் பெருங்குறை அல்ல. புலப்படாத குறை யாவும் சிறிதும் அல்ல. ஒரு பொருளின் தரம் அது ஆற்றும் பணியால் அளக்கப்படுவது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.