உதகையின் கணப்பும் கற்பூர மரமும்

கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளி முழுக்க உறைபனி படியும். அந்த மலையில் காலங்காலமாக வாழும் தோடர் இந்தக் குளிருக்கு வீட்டின் அமைப்பிலேயே வழி கண்டிருந்தார்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த குடிசை, தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல், உள்ளே அடுப்பு. சமைத்த நெருப்பே வீட்டுக்கும் சூடு தந்தது. புகைபோக்கி இல்லாததால் புகை கூரைப்புல்லின் ஊடே கசிந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் கல் வீடு கட்டத் தொடங்கினார். அதன் பின் பங்களாக்கள் பெருகின. கூடத்திலும் படுக்கையறையிலும் சுவரோடு சேர்ந்த கணப்பு, அதற்கு மேல் புகைபோக்கி. குளிர்காய்வது தமிழருக்குப் புதிதல்ல. தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சங்கப் பாட்டான நெடுநல்வாடையே காட்டுகிறது. சட்டியின் வெம்மை அறைக்குள்ளேயே தங்கும். சுவர்க் கணப்பிலோ பெரும்பங்கு வெப்பம் புகையோடு மேலே போய்விடும். அதனால் அது விறகை விழுங்கியது.

அந்த விறகுக்குச் சோலைகள் வெட்டப்பட்டன. மலை மடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில் நிற்கும் சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. வெட்டிய வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. 1850களில் உதகைக்கு அருகே வெல்லிங்டனில் எழுந்த படை முகாமுக்கும் விறகு தேவைப்பட்டது. 1843இல் சோதனையாக நடப்பட்ட யூகலிப்டஸ், 1856 முதல் விறகுக்காகவே தோட்டம் தோட்டமாக வளர்க்கப்பட்டது. சமவெளியில் தைல மரம் எனப்படும் இதை மலைமக்கள் கற்பூர மரம் என்கிறார்கள். வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மறுபடி துளிர்த்து, சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டுக்கு வந்துவிடும். இதைப் போலவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொரு மரம் சீகை (வாட்டில்).

இம்மரங்கள் சோலையின் சுமையைக் குறைத்தது உண்மை. ஆனால் இவை நடப்பட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. மரமில்லாத நிலத்தைப் பயனற்ற நிலமாக எண்ணியது பெரும் பிழை. தோடரின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையில் ஓடைகளுக்குக் கொடுத்த நிலமும் அதுவே. நட்ட இடத்தோடு நில்லாமல் சீகை தானாகவும் புல்வெளிக்குள் பரவியது.

2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. நீலகிரியில் சீகை அகற்றப்பட்ட சில சரிவுகளில் இப்போது புல் நடப்படுகிறது. சல்லிவனின் கல் வீடு உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது.